ரிசர்வ் அணியில் கோல் அடிக்கும் தம்பிக்கு சீனியர் அணியில் எப்போது இடம் கிடைக்கும்?

உங்கள் தம்பிக்கு 19 வயது. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து கிளப் ஒன்றின் ரிசர்வ் அணியில் ஸ்ட்ரைக்கர், அதாவது நடு முன்களத்தில் நின்று கோல் அடிப்பவர். சென்ற சீசனில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மெண்ட் லீக்கில் பத்து கோல்களுக்கு மேல் அடித்திருக்கிறார். அவ்வப்போது சீனியர் அணியோடு பயிற்சிக்கு அழைக்கிறார்கள், ஆனால் இன்றுவரை ஒரு நிமிடம்கூட ஆடவிடவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்க கிளப் தயாராக இருக்கிறது. ஐஎஸ்எல்-க்கு அடுத்த நிலையான ஐ-லீக்கில் ஆடும் அணி ஒன்று லோனில், அதாவது தற்காலிகமாகத் தங்களுக்கு ஆட, கேட்கிறது. அப்பாவோ, ஊருக்குத் திரும்பிப் பட்டப்படிப்பை முடித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு முயலச் சொல்கிறார். இவ்வளவையும் எழுதிவிட்டு, "எப்போது சீனியர் அணியில் இடம் கிடைக்கும்?" என்று முடித்திருக்கிறீர்கள். தேதி சொன்னால் உங்கள் கவலை தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. குடும்பம் இன்னும் எத்தனை காலம் பொறுத்திருக்கலாம், அந்தக் காலத்தை எங்கே கழித்தால் அது வீணாகாது என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். இளையோர் அணிகளுக்கும் ரிசர்வ் அணிகளுக்கும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். அதில் பெரும்பகுதி முன்கள வீரர்களோடு கழிந்தது. ஒரு பையன் எந்தெந்தக் காரணங்களால் தேங்கிப்போகிறான் என்று அந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியும். உங்கள் தம்பி தேறுவாரா என்று, அவர் ஆடுவதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கோல் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு "நிச்சயம் வந்துவிடுவார்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. இந்தியாவில் உள்ளூர் வீரர் இடம்பிடிக்க மிகக் கடினமான இடம் முன்களத்தின் நடுப்பகுதிதான். 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது மைதானத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டினர் வரை ஆடலாம். 2017-18-இல் அது ஐந்தானது. 2021-22-இல் நான்காகக் குறைந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் இதனால் பயனடைந்தவர்கள் பெரும்பாலும் பக்கத் தடுப்பாட்டக்காரர்களும் ஓரத்தில் ஆடும் விங்கர்களும் நடுக்கள வீரர்களும்தான். நான்கு இடங்கள் மட்டுமே இருந்தால் பயிற்சியாளர் அவற்றை பின்னாலிருந்து முன்வரை மைதானத்தின் நடுப்பகுதியில் செலவிடுகிறார்: ஒரு சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்), நடுக்களத்தில் ஒருவர் அல்லது இருவர், கடைசியாக ஒரு ஸ்ட்ரைக்கர். 2014 முதல் 2024-25 வரை ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வெளிநாட்டவருக்கே போயிருக்கிறது. நம் சென்னையின் எஃப்சி-யிலேயே எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ் என்று மூன்று பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். 2024-25-இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் அலாதின் அஜராய் 23 கோல்கள் அடித்தார். அப்படி ஒருவர் கையில் இருக்கும்போது எந்தப் பயிற்சியாளரும் 19 வயதுப் பையனை அவர் இடத்தில் இறக்கிப் பார்க்க மாட்டார்.

பயிற்சியாளரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான்கைந்து போட்டிகள் வரிசையாகத் தோற்றால் அவருடைய வேலையே கேள்விக்குறியாகிவிடும். தடுப்பாட்டத்தில் இளைஞர் செய்யும் தவறை அருகில் இருக்கும் அனுபவசாலி ஓடிவந்து சரிசெய்துவிடலாம். கோல் முகத்தில் வீணான வாய்ப்பு வீணானதுதான், அது நேராக ஸ்கோர் பலகையில் தெரியும். அதனால்தான் கிளப்கள் வெளிநாட்டு வீரர்களுக்கான பணத்தில் பெரும்பங்கை அங்கே கொட்டுகின்றன, கொட்டிய பணத்தை பெஞ்சில் உட்காரவைக்க மனம் வருவதில்லை. சீனியர் அணியில் இளம் வீரர்களைச் சேர்க்க விதி இருக்கிறதே என்று உங்கள் தம்பியின் நண்பர்கள் சொல்லக்கூடும். அந்த விதி அணிப் பட்டியலிலும் போட்டி நாள் பட்டியலிலும் பெயர் இருப்பதைத்தான் உறுதி செய்கிறது. பெஞ்சிலிருந்து எழுப்பி மைதானத்துக்குள் அனுப்பும்படி எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதுவும் உறுதியானது. இந்திய ஸ்ட்ரைக்கர் இன்று கிடைக்காத சரக்கு. சுனில் சேத்ரி 2024 ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, 94 சர்வதேச கோல்களோடு விடைபெற்றார். அந்த ஆண்டு முழுவதும் இந்தியா ஒரு போட்டியில்கூட வெல்லவில்லை. 2025 மார்ச்சில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்த முதல் போட்டியிலேயே கோல் அடித்தார். அப்போது அவருக்கு 40 வயது. 2024-25 ஐஎஸ்எல் சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான், 14 கோல்கள். நாற்பது வயதுக்காரரை மீண்டும் கூப்பிட வேண்டிய நிலையில் ஒரு நாடு இருக்கிறது என்றால், நடு முன்களத்தில் நின்று ஆடத் தெரிந்த இளைஞரை எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். வழி குறுகல், ஆனால் நுழைந்துவிட்டால் உள்ளே கூட்டம் இல்லை.

இனி அந்தப் பத்து கோல்களைப் பற்றி. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கோல் அடிக்கும் பழக்கம் இருக்கிற பையனுக்கு மற்றதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் டெவலப்மெண்ட் லீக்கில் எதிரே நிற்பவர்கள் பெரும்பாலும் 21 வயதுக்குட்பட்டவர்கள், மொத்தப் போட்டிகளும் குறைவு. அந்த வயதில் வேகம் இருந்தாலே பாதி கோல்கள் வந்துவிடும். தடுப்பு வரிசைக்குப் பின்னால் பந்தைப் போட்டால் ஓடிப் பிடித்து அடித்துவிடலாம். சீனியர் மட்டத்தில் அந்த வெற்றிடம் இருப்பதில்லை. தடுப்பாட்டக்காரர் இரண்டடி முன்பே பின்வாங்கி நின்றிருப்பார். எனவே பத்து கோல்களில் எத்தனை, பின்னால் ஓடிப் பிடித்து அடித்தவை? எத்தனை, பெனால்டி பகுதிக்குள் ஆள் ஒட்டி நிற்கும்போது ஒரே தொடுதலில் அடித்தவை? வீடியோ இருந்தால் நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டாவது வகை பாதியாவது இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். முதல் வகையே பெரும்பாலும் என்றால் கற்றுக்கொள்ள நிறைய மிச்சம் இருக்கிறது.

நான் பயிற்சி அளித்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். ரிசர்வ் போட்டி ஒன்றில் மூன்று கோல் அடித்த கையோடு அவனைச் சீனியர் அணியின் பயிற்சிக்கு அழைத்தார்கள். வலது ஓரத்தில் ஒரு த்ரோ-இன். பந்து அவன் காலுக்கு வருகிறது. முதுகில் வெளிநாட்டு சென்டர் பேக், வயது முப்பதைத் தாண்டியவர். அவர் தள்ளவில்லை, இடிக்கவில்லை. முழங்கைக்குக் கீழ்ப் பகுதியை மட்டும் பையனின் இடுப்புக்கு மேலே லேசாக வைத்தார். பந்து வந்து சேரும் கணத்தில் அந்தக் கையை எடுத்துவிட்டார். பையன் அந்த எதிர்ப்பில் சாய்ந்து நின்றிருந்தான், தாங்கல் போனதும் அரை அடி பின்னால் தடுமாறினான். பந்து அவன் காலுக்கடியில் புகுந்து அவரிடம் போனது. அரை மணி நேரத்தில் இதே மாதிரி பல தடவை நடந்தது. பயிற்சி முடிந்து போகும்போது சீனியர் பயிற்சியாளர் என்னிடம் அந்த மூன்று கோல்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பந்தை நிறுத்திவைக்க இவனுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் அணி பந்தை முன்னால் தூக்கிப் போடும். அதை ஒருவன் மார்பிலோ தொடையிலோ வாங்கி, இரண்டு மூன்று விநாடிகள் காப்பாற்றி, ஓடிவரும் சக வீரனுக்குத் தட்டிக்கொடுத்தால் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். அதைச் செய்யத் தெரியாத ஸ்ட்ரைக்கரை, அவர் எத்தனை கோல் அடித்திருந்தாலும், முன்னிலையில் இருக்கும் அணியின் பயிற்சியாளர் இறக்க மாட்டார். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஆளின் எடையை முதுகால் உணர்ந்து எதிர்ப்பக்கம் திரும்புவது, இடுப்பைத் தாழ்த்தி கால்களை அகட்டி நிற்பது, இவை எல்லாம் பயிற்சியால் வருபவை. அந்தப் பையனுக்கும் வந்தது, ஒரு சீசனுக்கு மேல் ஆனது.

இரண்டாவது, பந்து எதிரணியிடம் இருக்கும்போது செய்கிற வேலை. கண்மூடித்தனமாக ஓடுகிற உழைப்பைப் பயிற்சியாளர்கள் மதிப்பதில்லை. எதிரணி சென்டர் பேக் பந்தை வாங்கும்போது நேராக அவரை நோக்கி ஓடினால் அவர் பக்கத்திலுள்ள இன்னொரு சென்டர் பேக்கிடம் தட்டிவிடுவார், ஓட்டம் வீண். சற்று வளைந்து, இருவருக்கும் நடுவிலான பாதையை உடலால் மறைத்தபடி நெருங்கினால் அவர் ஓரத்துக்குத்தான் பந்தைப் போட முடியும். அங்கே விங்கர் காத்திருப்பார். இந்த வளைவு ஓட்டம் தெரிந்த 19 வயதுப் பையனைக் கடைசி இருபது நிமிடங்களில் நம்பி இறக்கலாம். முதல் வாய்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் களைத்துப்போயிருப்பார், அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும், புதிய கால்கள் தேவைப்படும். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்ற விதி வந்த பிறகு இந்த வாசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. உங்கள் தம்பி அந்த இருபது நிமிடங்களுக்குத் தயாராக இருக்கிறாரா என்று ரிசர்வ் பயிற்சியாளரிடம் நேராகவே கேளுங்கள்.

இன்னொன்றை நான் அக்கறையோடு எச்சரிக்க வேண்டும். சீனியர் அணியில் நடுவில் இடமில்லை என்றதும் பயிற்சியாளர் உங்கள் தம்பியை ஓரத்தில் ஆடச் சொல்லலாம். பையன் சந்தோஷமாக ஒத்துக்கொள்வான். ஆடக் கிடைத்தால் போதும் என்றிருக்கும். இது இந்திய ஸ்ட்ரைக்கர்களுக்குத் தொடர்ந்து நடக்கிறது. மன்வீர் சிங் எஃப்சி கோவாவுக்கு ஸ்ட்ரைக்கராக வந்தவர், மோகன் பகானில் வலது ஓரத்து ஆட்டக்காரராகவே நிலைபெற்றார், ஆனால் தேசிய அணியில் நடு முன்களத்தில் நிறுத்தப்பட்டார். கிளப்பில் ஓர் இடம், நாட்டுக்கு வேறோர் இடம். 2023 நவம்பரில் உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் குவைத்தை அங்கேயே வீழ்த்திய கோல் அவருடையது என்பதையும் சொல்ல வேண்டும்; திறமைக் குறைவு அல்ல அங்கே பிரச்சினை. சேத்ரியே 2017-18-இல் பெங்களூருவில் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்கு நடுவில் நிற்க, இடது ஓரத்திலிருந்து ஆடி 14 கோல்கள் அடித்தார். ஆனால் அது முப்பதைத் தாண்டிய, எல்லாம் கற்றுமுடித்த சேத்ரி. 19 வயதில் ஓரத்துக்குப் போகிறவன், முதுகில் ஆளை வைத்து ஆடும் கலையையும், பெனால்டி பகுதிக்குள் அரை அடி இடத்தைத் தேடும் கலையையும் கற்க வேண்டிய ஆண்டுகளில் கோட்டோரம் ஓடிக்கொண்டிருப்பான். 23 வயதில் திரும்பி நடுவுக்கு வரச் சொன்னால் வராது. ஓரத்தில் ஆடுவதே அவருக்கு இயல்பு என்றால் மகிழ்ச்சியோடு ஆடட்டும், இந்தியாவில் விங்கருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

நம் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்சி-யில் ரிசர்வ் வழியாக மேலே வந்தவர். 2022 செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவர் அடித்தது. 2-1 என்று பெங்களூரு கோப்பையை வென்றது. அந்த 2022-23 ஐஎஸ்எல் சீசனில் வளர்ந்துவரும் வீரருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. அவரால் எப்படி உள்ளே வர முடிந்தது என்பதைக் கவனியுங்கள். பயிற்சியாளர் இரண்டு பேரை முன்னால் வைத்து ஆடும் முறைக்கு வந்தார், வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ராய் கிருஷ்ணாவுக்குப் பக்கத்தில் ஓடி ஓடி அழுத்தம் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார், அதற்கு சிவசக்தி தயாராக இருந்தார். ஒற்றை ஸ்ட்ரைக்கர் மட்டும் வைத்து ஆடும் அணியில் அதே பையனுக்கு அதே வாய்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். உங்கள் தம்பியின் கிளப் எந்த முறையில் ஆடுகிறது என்பது அதனால் முக்கியமான தகவல்.

ஒரே இரவில் பெயர் வாங்குவதற்கும் அணியில் நிலைப்பதற்கும் தூரம் அதிகம். 2022 ஜனவரி 29-ஆம் தேதி கொல்கத்தா டெர்பியில் (மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் போட்டி) மோகன் பகானின் கியான் நசிரி மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஹாட்ரிக் அடித்தார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் படம். அதன் பிறகும் முதல் பதினொருவரில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை, 2024-இல் சென்னையின் எஃப்சி-க்கு வந்தார். இஷான் பண்டிதா 2020-21-இல் எஃப்சி கோவாவுக்காகக் கடைசி நிமிடங்களில் இறங்கி கோல் அடித்து அடித்தே பெயர் வாங்கினார். பிறகு போன இடங்களிலும் கடைசி நிமிடங்களில் இறக்கப்படுபவராகவே பார்க்கப்பட்டார். இருவரையும் நான் மதிக்கிறேன், அந்த அழுத்தத்தில் அப்படிக் கோல் அடிப்பது எளிதல்ல. குறுகிய நேர வெற்றியை நம்பித் திட்டம் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஸ்ட்ரைக்கர் வளர்வது தொண்ணூறு நிமிடப் போட்டிகளில்தான். முதல் பாதியில் இரண்டு வாய்ப்பை வீணடித்துவிட்டு, 70-ஆவது நிமிடத்தில் மூன்றாவதுக்காக மறுபடியும் அதே இடத்துக்கு ஓடுகிற மனம் வேறு எங்கும் உருவாவதில்லை.

ஆகவே லோன் விஷயத்தில் என் கருத்து தெளிவானது: சரியான அணி என்றால் போகட்டும். சேத்ரி 2002-இல் 17 வயதிலேயே மோகன் பகானில் சேர்ந்தவர். 2005-இல் அங்கிருந்து பஞ்சாபின் ஜேசிடி கிளப்புக்குப் போன பிறகுதான் தொடர்ந்து ஆடி வளர்ந்தார். ஜெஜெ லால்பெக்லுவா 2010-11-இல், இந்தியக் கால்பந்து சம்மேளனம் இளைஞர்களுக்காக நடத்திய இந்தியன் ஆரோஸ் அணிக்காக ஐ-லீக்கில் பத்துக்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த பிறகே பெரியவராக மதிக்கப்பட்டார். அந்த ஆரோஸ் அணி 2022-இல் கலைக்கப்பட்டது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். 19 வயது ஸ்ட்ரைக்கர் வளர்ந்த ஆட்களுக்கு எதிராக வாரந்தோறும் ஆட அது ஒன்றுதான் உத்தரவாதமாக இருந்தது. டேவிட் லால்லன்சாங்கா முகமதன் ஸ்போர்ட்டிங்குக்காக 2023 டூரண்ட் கோப்பையில் 6 கோல்களோடு முதலிடம் பிடித்து, 2024-இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். இர்ஃபான் யத்வாட் பெங்களூரு யுனைடெட்டிலிருந்து சென்னையின் எஃப்சி-க்கு வந்து, பிறகு தேசிய அணி அழைப்பும் பெற்றார். இவர்கள் பெரிய கிளப்பின் ரிசர்வில் காத்திருந்து வரவில்லை, கீழே ஆடிக் காட்டிவிட்டு வந்தார்கள்.

லோன் என்றாலே அவமானம் என்று பையன் நினைத்தால் இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஹாரி கேனைப் பற்றிச் சொல்லுங்கள். டாட்டன்ஹாம் அவரை லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்களுக்கு அனுப்பியது. 2013 மே மாதம் வாட்ஃபோர்டுக்கு எதிரான பிளே-ஆஃப் அரையிறுதியில் லெஸ்டரின் பெஞ்சில் கேனும் ஜேமி வார்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இருவரும் பிரீமியர் லீக்கின் தலைசிறந்த கோல் அடிப்பவர்கள். 2014-15-இல் கேன் லீக்கில் மட்டும் 21 கோல்கள் அடித்தார். ஆனால் லோனில் போனவர்களில் பெரும்பாலோர் கேன் ஆகவில்லை என்பதும் உண்மை. லோன் என்பது ஆடும் நிமிடங்களைத் தரும், உத்தரவாதம் தராது.

சரியான அணி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கும் ஐ-லீக் கிளப்பில் நடு முன்களத்துக்கு எத்தனை வெளிநாட்டினர் ஒப்பந்தமாகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐ-லீக்கிலும் இதே கதை உண்டு. 2018-19-இல் சென்னை சிட்டி பட்டம் வென்றபோது 21 கோல்கள் அடித்தது வெளிநாட்டவரான பெட்ரோ மான்சி. அப்படி ஒருவர் அங்கே ஏற்கெனவே இருந்தால் தம்பி ஒரு பெஞ்சை விட்டு இன்னொரு பெஞ்சுக்குப் போகிறார், அவ்வளவுதான். உங்கள் தம்பியை யார் கேட்டது, பயிற்சியாளரா நிர்வாகமா என்று விசாரியுங்கள். பயிற்சியாளர் கேட்டிருந்தால் அவரோடு தம்பி தொலைபேசியில் பேசட்டும். எந்த இடத்தில் ஆடவைப்பார், யாரோடு போட்டியிட வேண்டும் என்று கேட்கட்டும். நேர்மையான பயிற்சியாளர் "முதல் அணியில் நிச்சயம்" என்று வாக்குக் கொடுக்க மாட்டார், ஆனால் நடுவில்தான் ஆடவைப்பேன் என்று சொல்ல முடியும்.

நீட்டிப்பு ஒப்பந்தத்தை மறுக்க வேண்டாம். இரண்டு ஆண்டு நீட்டிப்போடு ஓராண்டு லோன் என்று கேளுங்கள், பெரும்பாலும் கிளப்புக்கும் அது வசதிதான். காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, லோன் காலத்தில் சம்பளத்தை எந்தக் கிளப் தருகிறது, நடுவில் திரும்ப அழைக்கலாமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். 2025-26 ஐஎஸ்எல் சீசன், லீக்கை நடத்தும் உரிமைச் சிக்கலால் வழக்கமான நேரத்தில் தொடங்காமல் போய், சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்திவைத்ததை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்துமூலம் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதி வீரருக்கு இடம் தருகிறது. ஏஜென்ட் யாராவது இருந்தால் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்திலேயே இருக்கிறது. டிரையலுக்கு அழைத்துப் போகப் பணம் கேட்பவரை வீட்டுவாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எத்தனை காலம் என்று கேட்டால், 19 வயது தாமதமே இல்லை. 22 வரை கொடுங்கள் என்பேன். இது விதியல்ல, என் அனுபவக் கணக்கு மட்டுமே. உடல் தாமதமாக முறுக்கேறும் பையன்கள் 23, 24-இல்கூட எழுந்திருக்கிறார்கள். ஆனால் காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பதைவிட, ஒவ்வொரு சீசன் முடிவிலும் வளர்ந்த ஆட்களுக்கு எதிராக எத்தனை முழுப் போட்டிகளில் நடு முன்களத்தில் ஆடினார் என்று எண்ணுங்கள். இரண்டு சீசன் தொடர்ந்து அந்த எண்ணிக்கை கைவிரல்களுக்குள் அடங்கினால், கிளப்பின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கிருந்து கிளம்ப வேண்டும். நல்ல எண்ணிக்கையில் ஆடியும் கோல் வரவில்லை என்றால் அப்போது வேறு பேச்சு பேசலாம்.

அப்பாவின் கவலையைத் தயவுசெய்து பழமைவாதம் என்று ஒதுக்காதீர்கள். அவர் சொல்வது நியாயமான வழி. சென்னை லீக்கில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரித் துறை என்று அலுவலக அணிகளில் வேலையோடு ஆடி, மரியாதையாக வாழ்ந்தவர்கள் ஏராளம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று பகையில்லை. தொலைநிலைக் கல்வியில் பட்டத்தை இப்போதே தொடங்கலாம், ரிசர்வ் அணி வீரருக்கு மதியத்துக்குப் பிறகு நேரம் கிடைக்கும். ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள்: மாநில அணிக்கோ தேசிய அளவிலான போட்டிகளுக்கோ தேர்வான ஒவ்வொரு முறையும் சான்றிதழை உரிய படிவத்தில், உரிய அதிகாரியின் கையொப்பத்தோடு அந்த ஆண்டே வாங்கிவைக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து அலைந்தால் பொறுப்பில் இருந்தவர்கள் மாறியிருப்பார்கள், பதிவேடு கிடைக்காது.

கோல்கள் மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ எனக்குப் பயன்படாது. ஏதாவது ஒரு முழுப் போட்டியின் பதிவு, அதுவும் அணி தோற்ற போட்டி, உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். பந்து காலில் இல்லாதபோது தம்பி எங்கே நிற்கிறார், பந்தை இழந்ததும் அடுத்த ஐந்து விநாடிகளில் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, இப்போது பொதுவாகச் சொன்னதைவிடக் குறிப்பாக ஏதாவது சொல்ல முடியும்.